ஹார்மோனும் வினைமுற்றும்

1

சென்ற மழைக்காலத்தில் நண்பர் ஒருவர் தன் நாவலின் கைப்பிரதியைப் படிக்கக் கொடுத்தார். நல்ல உழைப்பு. கிராமத்து வீடும், அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே வருஷக்கணக்கில் ஓடும் பேச்சற்ற பகையும் நன்றாகவே வந்திருந்தன. பதினேழு வயதுப் பையன் ஒரு மத்தியானம் அப்பாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கிணற்றில் தள்ளிவிடுகிறான். நாவலின் ஆகச் சிறந்த இடம் அதுதான். ஆனால் அந்த அத்தியாயத்தின் கடைசி வரியில் ஆசிரியர் தாமே முன்வந்து, அந்த வயதில் அவன் உடம்பில் சுரந்த ஹார்மோன்தான் அந்தக் காரியத்தைச் செய்தது என்று எழுதியிருந்தார். அந்த வரியோடு நாவல் எனக்கு விட்டுப்போயிற்று.

நம் உரைநடையில் ஒரு நாற்காலி எப்போதும் தயாராகப் போடப்பட்டிருக்கிறது. முதலில் அதில் விதி உட்கார்ந்திருந்தது. விதி பழசாகிப் போனதும் மனோதத்துவத்தைக் கூட்டிவந்து உட்கார வைத்தோம். ஆழ்மனம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பாத்திரத்தையும் எதையும் செய்ய வைக்கலாம் என்று ஒரு தலைமுறை நினைத்தது. பிறகு வேறு சிலர் வர்க்கத்தை உட்கார வைத்தார்கள். இப்போது ஹார்மோனின் முறை. உட்காருகிறவர் மாறுகிறாரே ஒழிய நாற்காலி மாறுவதில்லை. மனிதனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவனுக்குப் பின்னால் நிற்கும் ஒன்றைச் சுட்டிக்காட்டுவதுதான் அந்த நாற்காலியின் உபயோகம்.

'விஞ்ஞானம் அப்படித்தானே சொல்கிறது?' என்றார் நண்பர். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை நெட்டுருப் போட்டதற்கு மேல் அந்தத் துறையில் எனக்குப் பழக்கமில்லை. பிறகு சில மாதங்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதோடு, முன்பே படித்திருந்த இரண்டு புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். ஒன்று, ஜெஃப்ரி யூஜெனிடிஸின் 'மிடில்செக்ஸ்' (2002). மற்றது, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் எழுதப்பட்டு, மிஷெல் ஃபூக்கோ 1978ல் பதிப்பித்த எர்குலின் பார்பனின் நினைவுக் குறிப்புகள். ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளில் எதிலும் ஒழுங்காக அடங்காத உடலோடு பிறந்த ஒருவர் தானே தன் கதையைச் சொல்வதாக அமைந்தவை இரண்டும். முன்னதன் ஆசிரியருக்கு ஹார்மோன் பற்றி வேண்டியமட்டும் தெரியும். பின்னதை எழுதியவருக்கு அந்தச் சொல்லே தெரியாது. அவர் இறந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தச் சொல் பிறந்தது. இரண்டில் எது உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்கு முன், விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

2

1849ல் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்டோல்ட் ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். விதை நீக்கப்பட்ட சேவலுக்குக் கொண்டை வளராது, கூவாது, சண்டைக்கும் போகாது. ஆனால் நீக்கிய விதையை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துவிட்டால் கொண்டை வளர்கிறது, கூவலும் சண்டையும் வந்துவிடுகின்றன. நரம்புத் தொடர்பு அறுந்துபோன பிறகும் இது நடக்கிறதென்றால் ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியாகப் போய்ச் சொல்கிறது என்று அர்த்தம். அப்படிப் போய்ச் சொல்வனவற்றுக்கு 1905ல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று பெயர் வைத்தார். கிளப்பிவிடுவது என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லிலிருந்து எடுத்தது.

கிளப்பிவிடுவது வேறு, தீர்மானிப்பது வேறு. முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. இரண்டாவது தவறு 'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்' என்று பெயரிட்டது. 1934ல் பெர்ன்ஹார்ட் ஸோண்டெக், ஈஸ்ட்ரோஜன் மிக அதிகமாக இருப்பது ஆண் குதிரையின் மூத்திரத்தில் என்று கண்டு அறிவித்தார். பெண்ணின் சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் செய்வதே டெஸ்டோஸ்டிரோனையும் அதன் உறவுப் பொருள்களையும் மாற்றித்தான். ஆணின் எலும்பு முனைகள் மூடி வளர்த்தி நிற்பதற்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டும். 1994ல் ஒரு மருத்துவக் குழு, ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றி எழுதியது. இருபத்தெட்டு வயதிலும் அவருடைய எலும்புகள் வளர்ந்துகொண்டே இருந்தன. ஆகவே இரண்டும் இருவரிடமும் உண்டு. அளவு வேறு, காலம் வேறு.

காலம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மனிதக் கரு முதல் ஆறு வாரங்களுக்கு இரண்டு பாதைகளுக்கும் உரிய அடையாளங்களை ஒருசேர வைத்திருக்கிறது. 1947ல் அல்ஃப்ரெட் ஜோஸ்ட், தாய் முயலின் வயிற்றிலிருக்கும் குட்டிகளின் இனச்சுரப்பியை நீக்கிப் பார்த்தார். எல்லாக் குட்டிகளின் உள்ளுறுப்புகளும் பெண் பாதையிலேயே வளர்ந்தன. விதை இருந்து, குறிப்பிட்ட வாரங்களில் அது சுரந்தால்தான் மற்றப் பாதை. 1959ல் கன்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் ஆகியோர் கர்ப்பமான கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பிறகு இணைசேரும்போது நடந்துகொண்ட விதமே மாறியிருந்தது. அதே பொருளை வளர்ந்த பிறகு கொடுத்தால் அப்படி நிலையான மாற்றம் இல்லை. கருவில் அமைத்துவைப்பது ஒரு வேலை, பருவத்தில் கிளப்பிவிடுவது வேறொரு வேலை என்ற பிரிவினை அன்றிலிருந்து வந்தது.

மனிதரிடம் இப்படிப் பரிசோதனை செய்ய முடியாது. இயற்கை சில சமயம் செய்துவிடுகிறது. அட்ரீனல் சுரப்பியின் ஒரு பிறவிக் கோளாறினால் கருவிலேயே அதிக ஆண்ட்ரோஜனுக்கு ஆளாகும் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். மற்றப் பெண் குழந்தைகளோடு ஒப்பிட்டால், சராசரியாக, பையன்கள் விரும்பும் விளையாட்டுச் சாமான்களில் இவர்களுக்கு நாட்டம் அதிகம். இது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் இவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களைப் பெண் என்றே உணர்ந்து வாழ்கிறார்கள். ஆக, கருவில் கேட்ட குரல் விளையாட்டில் ஒரு சாய்வைத் தந்தது. நான் யார் என்ற கேள்விக்கு அது மட்டுமே பதில் தந்துவிடவில்லை.

இனி ஏற்பி. எக்ஸ்ஒய் குரோமோசோம்களோடும் வயிற்றுக்குள் விதையோடும் பிறந்து, ரத்தத்தில் போதுமான டெஸ்டோஸ்டிரோன் இருந்தும், அதை உணரும் ஏற்பி முழுக்கச் செயலற்றிருப்பதால் பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பூப்பெய்தவில்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் விஷயம் தெரியவருகிறவர்கள் உண்டு. சொல்ல வந்தது முழுக்கச் சொல்லப்பட்டது, கேட்பவர் இல்லை. எழுதுகிற நமக்கு இது புரியாத விஷயமல்ல.

இன்னொன்று. நடத்தையும் ஹார்மோனை மாற்றுகிறது. பிலிப்பைன்ஸ் தேசத்தில் செபு நகரப் பகுதியில் 624 இளைஞர்களை 2005லும் மறுபடி 2009லும் பரிசோதித்து 2011ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இடையில் கல்யாணமாகித் தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. குழந்தையோடு அதிக நேரம் செலவிட்டவர்களுக்கு இன்னும் குறைவு. தொட்டிலை ஆட்டும் கை ரத்தத்தையும் மாற்றுகிறது. நண்பரின் நாவலில் வரும் வரி ஒரு திசையில் மட்டும் அம்புக்குறி போடுகிறது. விஞ்ஞானம் இரண்டு திசையிலும் போடுகிறது.

3

டொமினிகன் குடியரசின் தென்மேற்கில் சலினாஸ் என்று ஒரு கிராமம். அங்கே சில குழந்தைகள் பார்வைக்குப் பெண்ணாகப் பிறந்து, பன்னிரண்டு வயதையொட்டிக் குரல் தடித்து, விதை இறங்கி, ஆணுடலாக மாறின. 1974ல் ஜூலியான் இம்பெராடோ-மெக்கின்லி தன் சகாக்களோடு இதன் காரணத்தை வெளியிட்டார். டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வலுவான இன்னொரு பொருளாக மாற்றும் நொதி இவர்களிடம் குறைவு. கருவில் புற உறுப்பு அமைவதற்கு அந்த இரண்டாவது பொருள் வேண்டும். பருவத்தில் டெஸ்டோஸ்டிரோனே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. 1979ல் அவர்கள் எழுதிய கட்டுரையின்படி, பெண்ணாக வளர்க்கப்பட்ட 18 பேரில் 17 பேர் தங்களை ஆணாக உணரத் தொடங்கினார்கள். 16 பேர் ஆணாகவே வாழத் தொடங்கினார்கள். ஹார்மோன் வளர்ப்பை ஜெயித்துவிட்டது என்று உலகம் எழுதியது.

ஆனால் அந்தக் கிராமத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: 'பன்னிரண்டில் விதை' என்று பொருள்படும் ஸ்பானியப் பேச்சுவழக்குச் சொல். பெயர் இருக்கிறதென்றால் கதையும் இருக்கிறது. மாறுகிற பையன் முன்மாதிரி இல்லாத வெட்டவெளியில் மாறவில்லை. பப்புவா நியூகினியின் ஸாம்பியா மக்களிடமும் இதே நொதிக் குறைபாடு உண்டு. அங்கே சென்று ஆராய்ந்த மானுடவியலாளர் கில்பர்ட் ஹெர்ட் வேறொன்றைக் கண்டார். அவர்களிடம் இதற்கென்று மூன்றாவது ஒரு வகுப்பே இருந்தது. மருத்துவச்சி குழந்தையின் உடலைப் பார்த்துப் பிறந்த உடனே அடையாளம் கண்டுவிடுவாள். அப்படி அடையாளம் காணப்பட்டவர்கள் ஆண்களின் தீட்சைச் சடங்குகளில் முழுதாகச் சேர்க்கப்படாமல் கொஞ்சம் இளக்காரமாகவே நடத்தப்பட்டார்கள். நொதி ஒன்றுதான். கிராமம் இரண்டு. வாழ்க்கையும் இரண்டு.

எனக்குத் தெரிந்தவரை எந்த நாவலும் இந்த இரண்டு கிராமங்களையும் சேர்த்து யோசிக்கவில்லை. 'மிடில்செக்ஸ்' யோசித்திருக்கலாம். அதன் நாயகனுக்கு இருப்பது இதே குறைபாடுதான்.

4

கதை தெரிந்ததுதான். துருக்கியின் பூர்ஸாவுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அக்காவும் தம்பியுமான இருவர், 1922ல் ஸ்மிர்னா எரியும்போது தப்பி அமெரிக்காவுக்குப் போகிறார்கள், கணவன் மனைவியாக. ரத்த உறவுக்குள் நடந்த கல்யாணங்களின் வழியாக ஒரு மரபணு டெட்ராய்ட்டில் 1960ல் பிறந்த பேத்தி காலியோப்பியிடம் வந்து சேருகிறது. அவள் பெண்ணாக வளர்கிறாள். பள்ளித் தோழி ஒருத்தியை விரும்புகிறாள். 1974ல் ஒரு விபத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் விஷயம் வெளியாகிறது. நியூயார்க் நிபுணரான டாக்டர் லூஸ், அறுவை செய்து பெண்ணாகவே வைத்துவிடலாம் என்கிறார். அவள் ஓடிப்போகிறாள், அவனாகிறாள். நாற்பத்தொரு வயதில் பெர்லினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறான்.

2003ல் புலிட்சர் பரிசு வாங்கிய புத்தகம். ஸ்மிர்னா தீப்பற்றி எரியும் பக்கங்களும், டெட்ராய்ட்டின் மோட்டார்த் தொழிற்சாலையும், கிரேக்கப் பாட்டியின் விசிறியும் சாமானியமான எழுத்தல்ல. ஆனால் கதைசொல்லியைக் கவனியுங்கள். தான் பிறப்பதற்கு முன்னால் தாத்தா பாட்டியின் படுக்கையறையில் நடந்ததும் அவனுக்குத் தெரியும். கருவில் தனக்கு நடந்ததும் தெரியும். தன்மை ஒருமையில் பேசிக்கொண்டே சர்வமும் அறிந்திருக்கிறான். எப்படி? மரபணு அவனிடம் இருக்கிறதே, அது எல்லாத் தலைமுறையையும் பார்த்திருக்கிறதே என்பதுதான் நாவலின் மறைமுகமான பதில். அதாவது இங்கே கதை சொல்வது கேல் அல்ல, அவனுடைய குரோமோசோம். நாவல் அதை ஐந்தாவது குரோமோசோமில் வைக்கிறது. இந்த நொதியின் மரபணு உண்மையில் இரண்டாவதில் இருக்கிறது. இந்தப் பிழை எனக்கு முக்கியமல்ல. காவியத்தில் தேவதைகள் இருந்த இடத்தில் மரபணுவை வைத்ததுதான் முக்கியம். பிறப்பும் வளர்ப்பும் சுயவிருப்பமும் சேர்ந்ததுதான் மனிதன் என்று நாவல் அங்கங்கே சொல்கிறது. சொல்வது அப்படி, கட்டமைப்பு விதியின் கட்டமைப்பு. முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. பதினாலு வயதுப் பெண்ணும் நாற்பத்தொரு வயது ஆணும் ஒரே குரலில், ஒரே கேலியோடு பேசுகிறார்கள். உடலில் அவ்வளவு நடந்தும் வாக்கியத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

ஓரிடம் விதிவிலக்கு. டாக்டர் லூஸ் அவளைத் தன் வரலாற்றை எழுதித் தரச் சொல்கிறார். அவள் டாக்டருக்கு எது பிடிக்கும் என்று ஊகித்து, சாதாரணப் பெண் ஒருத்தியின் கதையை இட்டுக்கட்டித் தருகிறாள். டாக்டர் அதை நம்பி அறிக்கை எழுதுகிறார். ஒரு மனிதப்பிறவி தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பது, யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது என்று இந்த ஒரு சந்தர்ப்பத்தில் நாவலுக்குத் தெரிகிறது. பிறகு மறந்துவிடுகிறது.

5

பார்பனின் நினைவுக் குறிப்புகளைப் படித்து ஏமாற்றமடைந்ததுதான் தன் நாவலுக்குத் தூண்டுதல் என்று யூஜெனிடிஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உடலைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை, வெறும் பெருமூச்சுகள் என்பது அவர் குறை. நியாயமான குறை. நானும் முதலில் படித்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

பார்பன் 1838ல் சாந்-ஜான்-தாஞ்செலி என்ற ஊரில் பெண்ணாகப் பதிவு செய்யப்பட்டுப் பிறந்தவர். வீட்டில் அலெக்ஸினா. கன்னியாஸ்திரீ மடத்தில் படிப்பு. பிறகு ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் ஆசிரியை. அங்கே சாரா என்ற சக ஆசிரியையோடு காதல். வயிற்று வலி, மருத்துவப் பரிசோதனை, பாதிரியாரிடம் வாக்குமூலம், மீண்டும் பரிசோதனை. 1860ல் நீதிமன்றம் பிறப்புப் பதிவைத் திருத்தி ஆண் என்று அறிவித்தது. பெயர் ஆபெல் ஆனது. பாரிசுக்குப் போய் ரெயில்வேயில் வேலை, பிறகு வேலையின்மை. 1868ல், முப்பது வயது நிறையுமுன், தன் அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். பக்கத்தில் இந்தக் கையெழுத்துப் பிரதி கிடந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கை அடுத்த ஆண்டே அச்சேறியது. பிரதியின் பகுதிகளை 1870களில் டாக்டர் தார்தியே தன் நூலில் ஓர் உதாரணமாகச் சேர்த்தார். நூறு வருஷம் கழித்து ஃபூக்கோ அதை அங்கிருந்து மீட்டார்.

இன்றைய மருத்துவர்கள் சிலர், பார்பனுக்கு இருந்ததும் சலினாஸ் குழந்தைகளுக்கு இருந்ததேதானோ என்று ஊகித்ததுண்டு. நிரூபிக்க வழியில்லை, அவசியமும் இல்லை என்று எனக்குப் படுகிறது.

பெருமூச்சு நிறைந்த உரைநடைதான். ஆனால் இரண்டாம் முறை படிக்கையில் ஒன்று தெரிந்தது. இந்த மனிதப்பிறவிக்கு நடப்பது எதற்கும் முன்கூட்டிய விளக்கம் கிடையாது. இடிமின்னல் இரவொன்றில் பயந்து ஒரு கன்னியாஸ்திரீயின் கட்டிலுக்கு ஓடி, அணைப்பில் தனக்குள் எழுந்தது என்னவென்று விளங்காமல் வெட்கப்படுவது. மற்றப் பெண்களைப் போல் தான் மலரவில்லை, மேலுதட்டில் மயிர் அரும்புகிறது என்று குறுகுவது. எல்லாவற்றுக்கும் நடுவில் சந்தோஷமாகவும் இருப்பது. ஹார்மோன் உடம்புக்குள் வேலை செய்யும்போது, அதை அனுபவிக்கிறவருக்கு அது ஹார்மோனாகத் தெரிவதே இல்லை. கூச்சமாக, பயமாக, ஒரு முகத்தின் மேல் வரும் ஆசையாகத்தான் தெரியும். 'மிடில்செக்ஸ்' காரணத்தை எழுதிற்று. பார்பன், காரணம் எப்படி அனுபவமாக வந்து இறங்குகிறது என்பதை எழுதினார். இரண்டாவதுதான் இலக்கியத்தின் வேலை.

மடத்து வருஷங்களை எந்த அடையாளமும் நெருக்காத ஒரு சந்தோஷமான நிலை என்று ஃபூக்கோ பார்த்தார். அது அவருடைய ஆசை, பிரதியில் உள்ளதல்ல என்று 1990ல் ஜூடித் பட்லர் கண்டித்தார். பட்லர் பக்கமே நியாயம் அதிகம்; அந்த மடத்திலும் சட்டதிட்டங்கள் இருந்தன, ஆசை அவற்றினூடேதான் முளைத்தது. ஆனால் ஃபூக்கோ கவனித்த வேறொன்று அருமையானது. பிரெஞ்சில் 'நான்' என்று எழுதினாலும் தன்னைப் பற்றிய பெயரடைகளில் ஆண்பாலோ பெண்பாலோ வந்தாக வேண்டும். பார்பன் தன்னைப் பெரும்பாலும் சாராவோடு சேர்வதற்கு முன் பெண்பாலிலும் அதன் பின் ஆண்பாலிலும் எழுதுகிறார். இது பெண்ணுணர்வு ஆணுணர்வாக மாறியதைக் காட்டவில்லை என்கிறார் ஃபூக்கோ. மொழி கட்டாயப்படுத்துகிறது, வாழ்ந்தது அதற்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். உடலில் நடந்தது வாக்கியத்திலும் நடக்கிறது. யூஜெனிடிஸிடம் இல்லாதது இதுதான்.

6

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. 1980ல் வந்த ஆங்கிலப் பதிப்பை வைத்துக்கொண்டு சில பக்கங்களைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். ஒரு விசித்திரம் நேர்ந்தது. பார்பனின் சொந்த எழுத்து எந்தச் சிரமமும் தரவில்லை. நான் வந்தேன், நான் அழுதேன், நான் நேசித்தேன். தமிழில் தன்மை வினைமுற்றுக்கு ஆண், பெண் கிடையாது. பிரெஞ்சில் பார்பனைத் துரத்திய இலக்கணம் தமிழில் துரத்தவில்லை. ஆனால் அதே புத்தகத்தில் பின்னிணைப்பாக உள்ள மருத்துவ அறிக்கைகளுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. 'பரிசோதனைக்கு வந்தாள்' என்பதா, 'வந்தான்' என்பதா? படர்க்கையில் பேசத் தொடங்கியவுடன் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தமிழில் வாக்கியத்தை முடிக்கவே முடியாது.

தொல்காப்பியருக்கு இந்தச் சங்கடம் தெரியும். சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, இவற்றுக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே இவை பெறும் என்கிறார். இரண்டு விஷயம் இதில் கவனிக்கத் தக்கது. இவர்கள் உயர்திணை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. தெய்வத்தின் பக்கத்தில் இவர்களை வைப்பதிலும் கூச்சம் இல்லை. ஆனால் தனி ஈறு மட்டும் கிடையாது. இருப்பதில் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

படர்க்கைத் தீர்ப்பை இலக்கணம் மட்டுமா கேட்கிறது? 2006ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து, பால் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. தடகளச் சம்மேளனம் 2011ல் ரத்தத்தில் லிட்டருக்கு 10 நானோமோல் டெஸ்டோஸ்டிரோன் என்று பெண்மைக்கு எல்லை வகுத்தது. 2015ல் துத்தி சந்தின் வழக்கில் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2018ல் சில தூரங்களுக்கு மட்டும் 5 என்றார்கள். 2023ல் எல்லாப் போட்டிக்கும் 2.5 என்றார்கள், 2025ல் ஹார்மோனை விட்டுவிட்டு எஸ்.ஆர்.ஒய். மரபணு இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். போட்டிக்கு ஒரு விதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. டெஸ்டோஸ்டிரோன் தசைக்கும் ரத்தத்துக்கும் பலம் தருவது மெய். ஆனால் இயற்கை தானே போட்ட கோடு என்று சொல்லப்பட்டது பதினாலு வருஷத்தில் நான்கு முறை மாறியிருக்கிறது. அது நிர்வாகம் போட்ட கோடு. அதை அப்படியே சொல்லியிருந்தால் ஓடியவர்களுக்கு அவமானமாவது மிஞ்சியிருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹார்மோன் ஒன்றுமேயில்லை, வளர்ப்புதான் எல்லாம் என்று நம்பியவர் பால்டிமோரின் ஜான் மனி. டாக்டர் லூஸுக்கு முன்மாதிரி போலத் தோன்றுகிறவர். சுன்னத்தின்போது நேர்ந்த விபத்தில் உறுப்பை இழந்த கனடியக் குழந்தை டேவிட் ரைமரை 1967ல் அறுவை செய்து பெண்ணாக வளர்க்கச் சொன்னார். வெற்றி என்றும் எழுதினார். அந்தப் பிள்ளை பதின்பருவத்தில் உண்மை தெரிந்து ஆணாக வாழத் தொடங்கியது. 1997ல்தான் உலகுக்கு முழு விவரம் தெரிந்தது. 2004ல் ரைமர் தற்கொலை செய்துகொண்டார். இதை ஹார்மோனின் வெற்றி என்று எழுதுவது சுலபம். ஒரு குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் படர்க்கையில் முடிவு செய்துவிட்டார்கள், தன்மையில் அது பேச வந்தபோது ஒருவரும் கேட்கவில்லை என்று எழுதுவதுதான் சரி.

2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, ஊடுபால் குழந்தைகளின் உடலை ஆணாகவோ பெண்ணாகவோ 'சரிசெய்யும்' அறுவையைத் தடைசெய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலைமையைத் தவிர மற்றபடி செய்யக்கூடாது என்று அவ்வாண்டு ஆகஸ்டில் அரசாணையும் வந்தது. குழந்தை வளர்ந்து 'நான்' என்று ஆரம்பிக்கும்வரை காத்திருங்கள் என்பதே இதன் பொருள். நம் புனைகதை இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. நம் கதைகளில் இவர்கள் தெருவில் கைதட்டிப் போகிறவர்களாக, மற்ற யாருடைய அனுதாபத்தையோ எடுத்துக்காட்டுவதற்காக, படர்க்கையில் வந்து போனதே அதிகம். தங்கள் கதையைத் தாங்களே எழுதிய திருநங்கையர் வந்த பிறகுதான் இது மாறத் தொடங்கியிருக்கிறது.

'மிடில்செக்ஸை'ப் பற்றி மேலே எழுதும்போது 1974 வரை 'அவள்', அதன் பிறகு 'அவன்' என்று என் கை தயங்காமல் ஓடியதை நீங்கள் கவனித்திருக்கலாம். நாவலே அப்படி வகுந்து கொடுத்துவிட்டது. பார்பனுக்கு 'அவர்' என்று போட்டேன். அது மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது நழுவல். பன்மையின் பின்னால் ஒளிந்துகொண்டு தீர்ப்பைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல வழி எனக்கு இதுவரை தெரியவில்லை. மருத்துவ அறிக்கையை மொழிபெயர்த்த இடத்தில் டாக்டர் மேல் அந்த மரியாதையை ஏற்றுவது பொய்யாகிவிடும். அவர் 'அவள்' என்று தொடங்கி 'அவன்' என்று முடிக்க வேண்டும். அப்படித்தான் போடப்போகிறேன், படிக்கிறவருக்கு உறுத்தட்டும்.

நண்பரைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். 'ஹார்மோன் இல்லையென்றால் அவன் ஏன் சைக்கிளைத் தள்ளினான்?' என்று கேட்டார். ஹார்மோன் இல்லையென்று நான் சொல்லவில்லை. அது அந்தப் பையனின் உடைந்த குரலில் இருக்கிறது. அப்பா அந்தக் குரலைக் கேட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன் சிரித்ததில் இருக்கிறது. அன்றிலிருந்து அவன் வீட்டில் வாயைத் திறக்காததில் இருக்கிறது. இதெல்லாம் அவர் எழுதியவைதான், அதே அத்தியாயத்தின் முந்தைய பக்கங்களில். கடைசி வரியை எடுத்துவிட்டால் போதும் என்றேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.